மெஷினில் 5, மூக்கில் எவ்வளவு?

காட்பாடியில் பொறியியல் கடைசி வருடம் படிக்கும் தம்பி ஒருவர் கருவியின் படத்தோடு எழுதிக் கேட்டது இது: "சார், குறைமாதக் குழந்தைகளுக்கு மூக்கு வழியாக மூச்சுக்கு உதவும் பபுள் சிபாப் கருவி ஒன்றைக் குறைந்த செலவில் செய்திருக்கிறோம். குழாயைத் தண்ணீருக்குள் 5 செ.மீ. இறக்கினால் கேஜும் 5 காட்டுகிறது. சோதனைக்கு இது போதுமா? விலையைக் குறைக்க, காற்றை ஈரமாக்கும் ஹீட்டர் வைத்த ஹ்யூமிடிஃபையரை விட்டுவிடலாமா? எப்போது ஒரு குழந்தைக்கு வைத்துப் பார்க்கலாம்?"

போதாது. விடக்கூடாது. இப்போதைக்கு முடியாது. வேலூர் வட்டார ஆஸ்பத்திரிகளில் பச்சிளங்குழந்தைப் பிரிவு மெஷின்களோடு பல வருடமாக மல்லுக்கட்டுகிறவன் என்ற முறையில், ஏன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

முதலில் அந்த 5 செ.மீ. தண்ணீர் அழுத்தம் எதற்கு? ஏழாம் மாதத்தில் பிறந்துவிடும் குழந்தையின் நுரையீரலில் சர்ஃபாக்டன்ட் என்ற பொருள் போதிய அளவு சுரந்திருக்காது. அது இல்லாவிட்டால் மூச்சை வெளியே விடும் ஒவ்வொரு முறையும் காற்றறைகள் ஈரமான பால் கவர் மாதிரி உள்ளுக்குள் ஒட்டிக்கொள்ளும். அதைப் பிரித்து அடுத்த மூச்சை இழுப்பதிலேயே குழந்தையின் தெம்பெல்லாம் போய்விடும். 1963-ல் அமெரிக்க அதிபர் கென்னடியின் மகன் பாட்ரிக் ஐந்தரை வாரம் முன்னதாகப் பிறந்து, இரண்டு நாள்கூடத் தாங்காமல் இறந்தது இந்த நோயால்தான். அதிபர் வீட்டுப் பிள்ளைக்கே அன்று வழி இல்லை. 1971-ல் சான் ஃபிரான்சிஸ்கோவில் ஜார்ஜ் கிரிகோரியும் அவருடைய குழுவும், மூச்சை வெளிவிடும் நேரத்திலும் ஒரு சிறு அழுத்தத்தை விடாமல் வைத்திருந்தால் காற்றறைகள் மூடாது, குழந்தைகள் பிழைக்கிறார்கள் என்று எழுதினார்கள். அப்புறம் நியூயார்க்கின் கொலம்பியாவில் ஜென்-டியன் வுங் என்ற மருத்துவர், மூக்குக்குள் வைக்கும் குட்டைக் குழல்களையும், காற்று வெளியேறும் குழாயின் நுனியை அமிழ்த்தி வைக்கும் தண்ணீர்ப் பாட்டிலையும் சேர்த்து, இன்று நாம் பபுள் சிபாப் என்று சொல்லும் முறையை நிலைநிறுத்தினார். பச்சிளங்குழந்தை பெரும்பாலும் மூக்கால்தான் மூச்சு விடும் என்பதால் இது வேலை செய்கிறது.

சரி, உங்கள் கேஜ் எங்கே இருக்கிறது? பெரும்பாலான மாணவர் கருவிகளில் பெட்டிக்குள்தான் இருக்கும். பெட்டிக்கும் குழந்தையின் மூக்குக்கும் நடுவே ஒரு மீட்டருக்கு மேல் குழாய், நாலைந்து இணைப்புகள், கடைசியில் பிராங்ஸ் எனப்படும் அந்த மூக்குக் குழல்கள் என்று எவ்வளவோ இருக்கிறது. பாட்டிலில் 5 செ.மீ. ஆழம் என்பது பாட்டிலின் கணக்கு. மூக்கின் கணக்கு வேறு. காற்றோட்டத்தைக் கூட்டினால், வெளியேறும் குழாயின் தடை அதோடு சேர்ந்து, மூக்கில் அழுத்தம் ஆழத்தைவிட அதிகமாகும். கசிவு இருந்தால் குறையும். குழாயின் உள்விட்டம் பாதியானால், காற்று சீராக ஓடும் நிலையில், தடை 16 மடங்காகும். செலவு மிச்சம் என்று மீன் தொட்டி டியூபை மாட்டும் ஆட்கள் இந்த ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால் போதும்.

அளக்க விலை உயர்ந்த கருவி வேண்டாம். தெளிவான பிளாஸ்டிக் டியூபை யூ வடிவில் ஒரு பலகையில் கட்டி, கலர் பொடி கரைத்த தண்ணீரை ஊற்றி, பக்கத்தில் ஸ்கேல் ஒட்டுங்கள். ஒரு முனையை பிராங்ஸுக்கு ஒட்டினாற்போல ஒரு டீ-இணைப்பில் சொருகுங்கள், மறுமுனை திறந்திருக்கட்டும். இரண்டு பக்கத் தண்ணீர் மட்டத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் மூக்கில் உள்ள அழுத்தம், நேரடியாக செ.மீ. தண்ணீரில். எலக்ட்ரானிக் சென்சார் வைத்திருந்தால் அதன் அலகைப் பாருங்கள். மி.மீ. பாதரசத்தில் 5 என்பது செ.மீ. தண்ணீரில் 6.8. இந்தக் குழப்பம் சர்க்யூட் போர்டில் உட்கார்ந்துகொண்டு யார் கண்ணிலும் படாமல் இருக்கும்.

மூக்குக்கு ஒரு மாதிரி செய்யுங்கள். மிருதுவான சிலிகோன் கட்டியில் மூன்று, நான்கு, ஐந்து மி.மீ. துளைகள். அதில் பிராங்ஸைச் சொருகி, பின்பக்கம் மூடிய நிலையில் ஒரு தடவை, வேண்டுமென்றே சிறு ஓட்டை போட்டுக் கசியவிட்டு ஒரு தடவை, ஓட்டையைப் பெரிதாக்கி இன்னொரு தடவை என்று அளக்க வேண்டும். குழந்தை வாயைத் திறந்தால் நடப்பது இந்தக் கசிவுதான். காற்றோட்டத்தை நிமிடத்துக்கு 4 லிட்டரிலிருந்து 10 லிட்டர் வரை ஒவ்வொன்றாக ஏற்றி, ஆழத்தை 4-லிருந்து 8 வரை மாற்றி, அட்டவணை போடுங்கள். இதில் ஒன்றைக் கவனிப்பீர்கள்: குமிழி வருகிறது என்றால் அழுத்தம் சரியாக இருக்கிறது என்று அர்த்தம் இல்லை. குமிழி நின்றுவிட்டது என்றால் மட்டும், எங்கோ காற்று கசிகிறது, அல்லது வந்து சேரவே இல்லை என்று உறுதியாகச் சொல்லலாம். வார்டில் சிஸ்டர்கள் சத்தத்தை வைத்தே கண்டுபிடிப்பார்கள். அவர்கள் காது நம் அலாரத்தைவிட நல்ல அலாரம்.

அடுத்து ஒரு சின்ன வேலை. வெளியேறும் குழாய் கட்டில் ஓரத்தில் தொங்கி வளைகிற இடத்தில் 10 மில்லி கலர் தண்ணீரை விட்டுப் பாருங்கள். யூ வடிவ டியூபில் மட்டம் ஏறும், ஏறி இறங்கி ஆடவும் செய்யும். நிஜத்தில் அந்தத் தண்ணீரை யாரும் ஊற்ற மாட்டார்கள். சூடான ஈரக்காற்று ஏசி அறையில் குளிர்ந்து தானே சேரும். அது போய் பாட்டிலில் விழுந்தால் அங்கேயும் மட்டம் உயரும்; மட்டம் உயர்ந்தால் ஆழம் கூடும்; ராத்திரி 5 வைத்தது காலையில் 6, 7 என்று நிற்கும். பாட்டிலில் வழிந்து வெளியேற ஒரு துளை இருக்கிறதா? உங்கள் படத்தில் எனக்குத் தெரியவில்லை.

அழுத்தம் கூடினால் என்ன ஆகிவிடும் என்று கேட்காதீர்கள். 25 முதல் 28 வாரக் குழந்தைகள் 610 பேரை வைத்து நடத்தி 2008-ல் வெளியான 'காயின்' (COIN) என்ற ஆய்வில், பிறந்ததும் 8 செ.மீ. அழுத்தத்தில் சிபாப் வைத்த குழந்தைகளில் 9 சதவீதம் பேருக்கு நுரையீரல் ஓட்டையாகி நெஞ்சுக்குள் காற்று புகுந்தது. நேரடியாக வென்டிலேட்டரில் போட்டவர்களில் அது 3 சதவீதம். அதற்காக சிபாப் தோற்றது என்று சொல்ல முடியாது. சிபாப் வைத்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு முதல் ஐந்து நாள் வென்டிலேட்டரே தேவைப்படவில்லை. ஆனால் அழுத்தம் என்பது மருந்து மாதிரி டோஸ் பார்த்துக் கொடுக்க வேண்டியது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை.

அதனால் அடைப்புச் சோதனை கட்டாயம். காற்றோட்டத்தை அதிகபட்சத்தில் வைத்து, வெளியேறும் குழாயைக் கையால் மடக்கிப் பிடியுங்கள். ஆஸ்பத்திரிச் சுவரில் இருந்து காற்றும் ஆக்சிஜனும் வரும் கேஸ் லைனில் ஒரு சதுர செ.மீ.க்கு நாலு கிலோ அளவில் அழுத்தம் இருக்கிறது. மடக்கிய குழாய்க்குப் பின்னால் அது எங்கே போகும்? தானே திறந்து காற்றை வெளியே விடும் ஒரு வால்வ் வேண்டும். அது எந்த அழுத்தத்தில் திறக்கிறது, எவ்வளவு சீக்கிரம் திறக்கிறது, பலமுறை திறந்து மூடிய பிறகும் அதே அழுத்தத்தில்தான் திறக்கிறதா என்று பார்க்க வேண்டும். இதில் தேறாத கருவிக்கு மற்ற சோதனைகள் வீண்.

மூச்சு இழுக்கும்போது என்ன நடக்கிறது என்பது இன்னொரு பாதி. ஒரு கிலோ குழந்தை ஒரு மூச்சில் இழுப்பது ஏறத்தாழ 5 மில்லி, அதாவது ஒரு டீஸ்பூன். நிமிடத்துக்கு 40 முதல் 60 மூச்சு. 10 மில்லி சிரிஞ்சை ஒரு சின்ன மோட்டாரில் கட்டி முன்னும் பின்னும் இழுக்க வைத்தால் மலிவான டெஸ்ட் லங், அதாவது சோதனை நுரையீரல், தயார். ஆய்வகத்தில் நுரையீரல் சிமுலேட்டர் கிடைத்தால் இன்னும் நல்லது. இழுக்கும்போது மூக்கில் அழுத்தம் எவ்வளவு இறங்குகிறது, விடும்போது எவ்வளவு ஏறுகிறது என்று பாருங்கள். ஏற்ற இறக்கம் பெரிதாக இருந்தால் குழந்தை உங்கள் கருவியை எதிர்த்து மூச்சு விடுகிறது என்று பொருள். உதவிக்குப் போட்டது உபத்திரவமாகிவிடும். பிராங்ஸ் விஷயத்தில் இது இன்னும் முக்கியம். லாஸ் ஏஞ்சலிஸ் மருத்துவர் ரங்கசாமி ராமநாதன் பெயரில் வந்த ராம் கானுலா மிருதுவானது, மாட்டுவது சுலபம், சிஸ்டர்களுக்குப் பிடிக்கும். ஆனால் அது நீளமாகவும் ஒடுக்கமாகவும் இருப்பதால் வைத்த அழுத்தத்தில் கணிசமான பகுதி வழியிலேயே போய்விடுகிறது என்று, குழந்தை இல்லாமல் மேசையில் வைத்துச் செய்யும் பெஞ்ச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. ஆக, எந்த பிராங்ஸை வைத்துச் சோதித்தீர்களோ அதோடு மட்டும்தான் உங்கள் அட்டவணை செல்லும். வேறு கம்பெனி பிராங்ஸ் என்றால் மறுபடி முதலிலிருந்து.

இப்போது ஹ்யூமிடிஃபையருக்கு வருகிறேன், இதில்தான் நம் ஊர் வெயில் உள்ளே வருகிறது. லைனில் வரும் கேஸ் கிட்டத்தட்ட எலும்பு வரைக்கும் காய்ந்தது. அதை அப்படியே மணிக்கணக்கில் மூக்கில் விட்டால் சளி இறுகி, மூக்கே அடைத்துக்கொள்ளும். குழந்தையின் உடம்புச் சூடும் இறங்கும். 37 டிகிரியில் முழு ஈரப்பதம் என்றால் லிட்டருக்கு 44 மில்லிகிராம் தண்ணீர். உங்கள் கருவி அதில் எவ்வளவு தருகிறது என்பதைத் தராசு வைத்தே பார்க்கலாம். ஹ்யூமிடிஃபையரின் தண்ணீர்ப் பாத்திரமான சேம்பரைத் தண்ணீரோடு எடை போடுங்கள், நிமிடத்துக்கு 6 லிட்டர் வீதம் ஐந்து மணி நேரம் ஓட்டுங்கள், மறுபடி எடை போடுங்கள். ஓடியது 1,800 லிட்டர். முழு ஈரப்பதம் என்றால் சுமார் 80 கிராம் குறைந்திருக்க வேண்டும். 40 கிராம்தான் குறைந்தது என்றால் பாதி வேலைதான் நடக்கிறது.

இதே சோதனையை ஏசி போட்ட 24 டிகிரி அறையில் ஒரு தடவையும், அக்னி நட்சத்திர மதியத்தில் ஏசி இல்லாத அறையில் ஒரு தடவையும் செய்யுங்கள். வெயிலில் இன்னும் நன்றாக வேலை செய்யும் என்றுதானே தோன்றும்? நேர்மாறு. ஹ்யூமிடிஃபையர் வெப்பநிலையைப் பார்த்துத்தான் ஹீட்டரைப் போடுகிறது. அறையே 38, 39 என்றால் உள்ளே வரும் கேஸ் ஏற்கெனவே சூடு. வெளியே போகிற இடத்தில் 37 வந்துவிட்டது என்று ஹீட்டர் சும்மா இருந்துவிடும், தண்ணீர் ஆவியாகாது. திரையில் 37 என்று அழகாக எழுதியிருக்கும், போவது வறண்ட காற்று. குளிர்நாட்டு ஆய்வகத்தில் அருமையாகத் தேறிய கருவி ஏசி நின்றுபோன வேலூர் வார்டில் தடுமாறுவதற்கு இது ஒரு காரணம். குழந்தையைக் கதகதப்பாக வைக்கும் வார்மரின் கீழும் இதே கூத்துதான்: மேலிருந்து வரும் வெப்பம் மூக்கருகே உள்ள டெம்பரேச்சர் புரோபில் நேரடியாக விழுந்தால், கேஸ் சூடாகிவிட்டது என்று நினைத்து ஹீட்டர் அணைந்துவிடும். புரோபை வெப்பம் விழாத இடத்தில் வைக்க வேண்டும், அல்லது மேலே ஒரு பளபளப்பான ஃபாயில் சுற்ற வேண்டும். வார்மருக்குக் கீழே வைத்து ஓட்டிப் பார்த்தீர்களா?

கரண்டு போனால் என்ன ஆகிறது என்பதையும் கட்டாயம் செய்து பார்க்க வேண்டும். காற்றையும் ஆக்சிஜனையும் கலக்கும் பிளெண்டர் வாங்கக் காசில்லாமல், கம்ப்ரசர் காற்றுக்கு ஒரு ஃப்ளோ மீட்டர், ஆக்சிஜனுக்கு ஒரு ஃப்ளோ மீட்டர் என்று இரண்டையும் ஒய்-இணைப்பில் சேர்த்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். கணக்கு சரிதான். ஆனால் கரண்டு போனதும் கம்ப்ரசர் நின்றுவிடும், சிலிண்டர் நிற்காது. மொத்தக் காற்றோட்டம் குறையும், போகிறது முழுக்க முழுக்க ஆக்சிஜன். ஜெனரேட்டர் எடுக்கிற வரைக்கும்தானே என்று விட முடியாது. குடியாத்தத்திலோ ஆலங்காயத்திலோ ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் அது எவ்வளவு நேரம் என்று யார் சொல்வது? குறைமாதக் குழந்தைக்கு ஆக்சிஜன் அதிகமானால் விழித்திரை பாதிக்கப்பட்டுப் பார்வையே போகலாம். அதனால்தான் ரத்தத்தில் ஆக்சிஜன் அளவை 90 முதல் 95 சதவீதத்துக்குள் வைக்கப் பார்க்கிறோம். காற்று நின்றால் கத்துகிற ஒரு அலாரம், பேட்டரியில் ஓடுகிற அலாரம், வேண்டும். வேகமாகப் பாயும் ஆக்சிஜனே அறைக்காற்றை இழுத்துக் கலக்கும் வென்சுரி முறை என்றால் வேறு ஒரு சிக்கல்: முன்னால் எதிரழுத்தம் கூடினால் இழுக்கும் காற்று குறைந்து ஆக்சிஜன் சதவீதம் ஏறிவிடும். எனவே 5-லும் 8-லும் தனித்தனியாக அளக்க வேண்டும். ஆக்சிஜன் சென்சாரை ஹ்யூமிடிஃபையருக்கு முன்னால், காய்ந்த பக்கத்தில் வையுங்கள். ஈரம் பட்டால் தப்பாகக் காட்டும்.

சத்தத்தைப் பற்றி நீட்ட வேண்டாம். இன்குபேட்டருக்குள் 60 டெசிபலுக்கு மேல் போகக்கூடாது என்று அதற்கான சர்வதேசத் தரம் சொல்கிறது. கம்ப்ரசரை ஓடவிட்டு இன்குபேட்டருக்குள் ஒரு மீட்டரை வைத்துப் பார்த்துவிடுங்கள்.

நீங்கள் எழுதியதில் ஒரு இடத்திலும் சிஸ்டர்களைப் பற்றிப் பேச்சே இல்லை. ராத்திரி டியூட்டியில் கிளவுஸ் போட்ட கையோடு, மங்கின வெளிச்சத்தில், உள்ளங்கையளவு தலையில் தொப்பி மாட்டி, பிராங்ஸைக் கட்டி நிறுத்தப் போவது அவர்கள்தான். பிராங்ஸின் அடிப்பாலத்துக்கும் மூக்கின் நடுச்சுவருக்கும் இடையே இரண்டு மி.மீ. இடைவெளி இருக்க வேண்டும். அழுத்தினால் முதலில் தோல் வெளுக்கும், பிறகு சிவக்கும், பிறகு நடுச்சுவரே புண்ணாகி அரித்துப்போகும். உங்கள் குழாய் கனமாக இருந்தால் அந்த இடைவெளி ஒரு மணி நேரம்கூட நிற்காது. ஒரு பொம்மையை எடுத்துக்கொண்டு அனுபவமுள்ள சிஸ்டர் இரண்டு பேரிடம் கொடுத்து, நீங்கள் வாயே திறக்காமல் பக்கத்தில் நின்று பாருங்கள். எங்கே இணைப்பைத் தேடுகிறார்கள், எதைத் தலைகீழாக மாட்டுகிறார்கள், எதற்குப் பல்லைக் கடிக்கிறார்கள் என்று அங்கே தெரிவது எந்தப் பெஞ்சிலும் தெரியாது. அப்புறம், ஒரு தடவை மட்டும் பயன்படுத்த வேண்டியது என்று பாக்கெட்டில் போட்டிருந்தாலும் நம் ஊரில் குழாயைக் கழுவி மறுபடி போடுவார்கள். அதை மறைத்துப் பயனில்லை. ஆஸ்பத்திரி எந்தக் கிருமிநாசினியில் ஊறவைக்கிறதோ அதிலேயே ஊறவைத்துக் காயவைத்து, பிராங்ஸ் கெட்டியாகிறதா, இணைப்பு தளர்கிறதா, அழுத்த அட்டவணை மாறுகிறதா என்று திரும்பவும் அளக்க வேண்டும்.

இதெல்லாம் தேறிய பிறகுதான் மூன்றாவது கேள்வி. மாணவர் கருவி ஒன்று வார்டு வரை போக முடியுமா என்றால், போயிருக்கிறது. அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழக மாணவர்கள் தொடங்கிய பபுள் சிபாப் ஒன்று பூமானி என்ற பெயரில் ஆப்பிரிக்காவின் மலாவி நாட்டு ஆஸ்பத்திரிகளுக்குப் போனது. அவர்கள் போன வரிசையைப் பாருங்கள். ஏற்கெனவே புழக்கத்தில் உள்ள கருவியோடு பக்கத்தில் வைத்து அழுத்தத்தை ஒப்பிட்டார்கள்; அதற்கப்புறம்தான் குழந்தைகள். 2014-ல் வெளியான மலாவி ஆய்வில், வெறும் ஆக்சிஜன் கொடுத்த குழந்தைகளில் 44 சதவீதம் பேரும், இந்தக் கருவி வைத்தவர்களில் 71 சதவீதம் பேரும் பிழைத்தார்கள். நம்பிக்கை தரும் எண்தான், ஆனால் அதில் குழந்தைகளைச் சீட்டுக் குலுக்கிப் பிரிக்கவில்லை என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

இந்தியாவில் மருத்துவக் கருவிகள் விதிகள் 2017 இருக்கிறது. சோதனைக்காகக் கருவி தயாரிக்கவே எம்.டி-12 படிவத்தில் விண்ணப்பித்து எம்.டி-13 உரிமம் வாங்க வேண்டும். மனிதர்களிடம் ஆய்வு என்றால் எம்.டி-22-ல் விண்ணப்பித்து எம்.டி-23 அனுமதி. ஆஸ்பத்திரியின் நெறிமுறைக் குழு ஒப்புதல் வேண்டும், முதல் குழந்தையைச் சேர்க்கும் முன்னரே ஆய்வை இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிந்திருக்க வேண்டும். "ப்ராஜெக்ட்தானே சார், தெரிந்த டாக்டர் ஒருவர் வைத்துப் பார்க்கலாம் என்கிறார்" என்று யாராவது சொன்னால், அந்த டாக்டரிடமிருந்து தள்ளியே இருங்கள்.

ஒப்புதல் படிவம் பெற்றோருக்குப் புரிகிற தமிழில் இருக்க வேண்டும். ஆம்பூர், பேரணாம்பட்டு பக்கம் என்றால் உருதுவிலும், ஆந்திர எல்லைப் பக்கத்துக்காரர்களுக்குத் தெலுங்கிலும். ஜவ்வாது மலையிலிருந்து இறங்கி வந்து, குழந்தையை உள்ளே கொடுத்துவிட்டு வராந்தாவில் உட்கார்ந்திருக்கும் அப்பா எதைக் காட்டினாலும் கைநாட்டு வைப்பார். அவரிடம், "வேண்டாம் என்று சொன்னாலும் உங்கள் பிள்ளைக்கு வைத்தியம் குறையாது" என்று வாயால் சொல்லி, அவர் அதை நம்புகிற வரைக்கும் காத்திருக்க வேண்டும்.

முதலில் சேர்க்க வேண்டியது ஆகச் சிறிய குழந்தைகளை அல்ல. ஏற்கெனவே வழக்கமான சிபாப்பில் நிலையாக இருக்கும், கொஞ்சம் எடை போட்ட குழந்தைகள். டாக்டர் பக்கத்திலேயே நிற்க, சில மணி நேரம் மட்டும் உங்கள் கருவி, பிறகு பழையதற்கே திரும்புவது. ஆக்சிஜன் அளவு 90 - 95-க்குள் எவ்வளவு நேரம் நின்றது, மூச்சு வேகம், மூக்குத் தோல், வயிறு உப்புசம், இவற்றைக் குறிக்க வேண்டும். எந்த நிலை வந்தால் உடனே நிறுத்துவது என்பது தொடங்கும் முன்பே எழுதப்பட்டிருக்க வேண்டும். 72 மணி நேரத்துக்குள் எத்தனை பேருக்கு வென்டிலேட்டர் தேவைப்பட்டது என்பதெல்லாம் அதற்கடுத்த பெரிய ஆய்வுக்கு.

பாகாயத்தில் சி.எம்.சி.யின் பயோ இன்ஜினியரிங் துறை இருக்கிறது, அடுக்கம்பாறையில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. காட்பாடியிலிருந்து இரண்டும் எட்டுகிற தூரம்தான். போகும்போது கருவியைவிட நோட்டை முதலில் எடுத்துப் போங்கள்: தேதி, அறை வெப்பநிலை, காற்றோட்டம், ஆழம், எந்த பிராங்ஸ், கசிவு எவ்வளவு, மூக்கில் எவ்வளவு, சேம்பர் எடை முன்னும் பின்னும். சரியாக வராத அளவுகளையும் அடிக்காமல் விடுங்கள். பார்க்கிறவர் முதலில் கேட்கப்போவது அவற்றைப் பற்றித்தான். யூ வடிவ டியூப் பலகை கட்டுவதில் சந்தேகம் இருந்தால் படம் எடுத்து அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.